கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்னும் ஏன் நோட்டு இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் வைகாசி பிறந்துவிட்டால் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் பெங்களூரா லோடு. வெளியூரில் தோத்தாபுரி, கிளிமூக்கு என்று என்னென்னவோ பெயர் சொல்வார்கள். இங்கே அது பெங்களூராதான். அப்படி ஓர் ஆலையின் எடைமேடை அறையில், சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சீசனில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய கொள்முதல் சாப்ட்வேரை மாற்றித் தரச் சொல்லி அழைத்திருந்தார்கள். பிரவுசரில் திறக்கிற சாதாரண இணையச் செயலிதான். யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. முதலாளி சொன்ன குறை ஒன்றே ஒன்று: "சாப்ட்வேர் நல்லாத்தாங்க இருக்கு. ஆளுங்கதான் சரியா யூஸ் பண்ண மாட்டேங்கிறாங்க. கலர் கிலர் மாத்தி, கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் குடுங்க."

எடை போடுகிற அண்ணனின் மேஜையில், மானிட்டருக்கு இடது பக்கம், ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. வண்டி மேடை ஏறியதும் அவர் கை முதலில் பேனாவுக்குத்தான் போனது. வண்டி நம்பர், ஊர், ஆள் பெயர், எடை, எல்லாம் நோட்டில் ஏறியது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதெல்லாம் சாயங்காலம், கூட்டம் வடிந்த பிறகு. ஒரே வேலை, இரண்டு தடவை. இத்தனை செலவு செய்து வாங்கிய சாப்ட்வேர், அவரைப் பொறுத்தவரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய்ய வேண்டிய கூடுதல் வேலை.

ஒரு செயலியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். திரைக்குப் பக்கத்தில் என்ன காகிதம் கிடக்கிறது என்று பாருங்கள். நோட்டு, துண்டுச் சீட்டு, மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டிய பாஸ்வேர்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்த கோடு நம்பர். செயலி எங்கெல்லாம் ஆளைக் கைவிட்டதோ அங்கெல்லாம் ஒரு காகிதம் முளைத்திருக்கும்.

"பயன்படுத்த எளிது" என்ற சொல்லை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறோம். அதற்கு ஒரு கறாரான வரையறை உண்டு. ஐஎஸ்ஓ 9241 என்ற சர்வதேசத் தர வரிசையின் 11-ஆம் பகுதி 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காரியத்தை எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த பாடுபட்டு, எவ்வளவு மனநிறைவோடு முடிக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் "குறிப்பிட்ட" என்ற சொல். பொதுவாக எளிதான செயலி என்று ஒன்று கிடையாது. பெங்களூரில் ஏசி அறையில் பெரிய திரையில் எளிதாக இருந்தது, இங்கே ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் அடிக்க, வெளியே நாலு வண்டி ஹாரன் அடிக்க, கீபோர்டில் மாம்பால் பிசுக்கு ஒட்டியிருக்க, எளிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆட்களைக் கூப்பிட்டு "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் தெரிந்துவிடாதா? தெரியாது. நம் ஊரில் கேட்டால் வருகிற பதில், "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கு." கேட்பவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம். குறை சொன்னால் முதலாளி காதுக்குப் போகும் என்ற பயம் இன்னொரு பக்கம். ஆகவே கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும். வேலையைக் கொடுத்துவிட்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லலாம். அப்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தப்பான பட்டனுக்குப் போகும்போது "அது இல்லண்ணா, பக்கத்துல" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் போச்சு, பார்க்க வந்ததே வீண்.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழுகிற எண் ஐந்து. இந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு அது. ஓர் ஆளைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் கண்ணில் படும். அடுத்தவர் காட்டுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். இப்படியே போனால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். கணக்கு சரி, ஆனால் இதைப் பலரும் அரைகுறையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி வேலை செய்கிற ஐந்து பேருக்குத்தான் இது பொருந்தும். மாங்கூழ் ஆலையில் எடை போடுகிறவர் ஒரு ரகம், கணக்கர் ஒரு ரகம், செல்போனில் ரேட் பார்க்கிற விவசாயி இன்னொரு ரகம். கணக்கர் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு விவசாயிக்குத் திரை வரைய முடியாது. அப்புறம், எங்கள் எடைமேடையில் மாற்றி மாற்றி வேலை பார்ப்பதே மூன்று பேர்தான். மூவரையும் பார்த்தேன், முடிந்தது.

சரி, நோட்டுக்கு வருவோம். அது ஏன் இருக்கிறது என்று முதல் நாள் மத்தியானம் வரை எனக்குப் பிடிபடவில்லை. பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன். இரண்டு மணி வாக்கில் அண்ணன் ஒரு லோடைக் கம்ப்யூட்டரிலேயே நேரடியாக ஏற்றிக் காட்டினார், நான் கேட்டதற்காக. வண்டி மேடையில் நிற்கிறது. லோடோடு எடை போட்டாயிற்று. இனி மாங்காயை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பி வந்தால்தான் காலி வண்டி எடை கிடைக்கும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாதி நிரப்பிய படிவம் திரையில் அப்படியே காத்திருந்தது. வண்டி திரும்பியது, மீதி எடையைப் போட்டார், "சேவ்" அழுத்தினார். திரையில் லாகின் பக்கம் வந்து நின்றது. உள்ளே போனால் படிவம் வெறுமையாக இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? அதுக்குத்தாங்க நோட்டு."

நடந்தது இதுதான். பாதுகாப்புக்காக, சற்று நேரம் எதுவும் செய்யாமல் இருந்தால் சர்வர் நம்மை வெளியே தள்ளிவிடும். வங்கிச் செயலியில் அது நியாயம். செயலியை எழுதியவர் அதற்கு வைத்திருந்த கெடு பதினைந்து நிமிடம். ஒரு படிவம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்திருப்பார். ஒரு லோடு இறங்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எடைமேடைப் பக்கம் யாரும் அவரைக் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள்.

இதற்குத் தீர்வு கலரில் இல்லை. ஒரு லோடை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். முதல் எடை போட்டதுமே பதிவாகி, "இறக்கத்தில் இருக்கும் வண்டிகள்" என்ற பட்டியலுக்குப் போய்விடும். காலி வண்டி திரும்பும்போது அதைத் தொட்டு மீதியைப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப நிரப்பப் பிரவுசரே தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். கரன்ட் போனாலும், இணையம் போனாலும், சர்வர் வெளியே தள்ளினாலும், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் நிற்கும். திரையின் தோற்றத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. முதலாளியிடம் காட்டியபோது, "என்னங்க, அப்படியேதான இருக்கு?" என்றார்.

அடுத்தது மாம்பழ ரகம். விரித்துப் பார்க்கிற பட்டியலில் ஏறக்குறைய நாற்பது ரகங்கள், ஆங்கில அகரவரிசையில். முதலில் நிற்பது அல்போன்சா. செயலியும் அதையே தானாகத் தேர்ந்து வைத்திருந்தது. ஆனி மாதம் இந்த மேடையில் ஏறுவதில் பத்துக்கு ஒன்பது பெங்களூரா. அவசரத்தில் ரகத்தை மாற்ற மறந்தால் அந்த லோடு அல்போன்சா ரேட்டில் விழும். பெங்களூராவைவிட அல்போன்சா விலை மிக அதிகம் என்பதால் கணக்கர் ராத்திரியோடு ராத்திரியாக அதைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். இதற்கு "ஆட்கள் கவனக்குறைவு" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரே தவறு மூன்று பேரிடமும் நடக்கிறது என்றால் தவறு அவர்களிடம் இல்லை. அந்த வாரம் அதிகம் வந்த நான்கு ரகங்களைப் பெரிய பட்டன்களாக மேலே வைத்தோம். மற்றவை "வேறு ரகம்" என்பதற்குள் போயின. எதுவும் தானாகத் தேர்வாகாது, ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும்.

பட்டன் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பால் பிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல், மவுஸ் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கை ஓர் இலக்கை எட்ட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று சோதித்துக் காட்டினார். தூரத்தில் இருக்கிற சின்ன இலக்குக்கு நேரம் கூடும், தப்பும் கூடும். எங்கள் பழைய திரையில் "சேவ்" பட்டனும் "டெலீட்" பட்டனும் ஒரே அளவு, ஒரே நிறம், தோளோடு தோள் உரசி நின்றன. பிசுக்குப் பிடித்த மவுஸ் வேறு. இணையத் தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான தரமான டபிள்யூசிஏஜி, 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில், தொடும் இலக்கு குறைந்தது 24 பிக்சலுக்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போதிய இடைவெளியாவது வேண்டும் என்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வெளிர்-அடர் வேறுபாடு வேண்டும் என்பது 2008 முதலே அதில் இருக்கிறது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகம்தான். கிருஷ்ணகிரி வெயில் மானிட்டரில் படும்போது அந்த நாகரிகம் கண்ணுக்கே தெரியாது.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய திரை முழுக்க ஆங்கிலம். "தமிழ்ல மாத்திடுங்க" என்றார்கள். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். முதல் வரைவில் நான் எழுதியது "மொத்த எடை", "வெற்றெடை", "நிகர எடை". அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல காலி வண்டி எடை எதுங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவர் வாயில் வந்ததே தலைப்பாகிவிட்டது: "லோடோடு எடை", "காலி வண்டி எடை", "மாங்காய் எடை". "சமர்ப்பி" என்ற சொல்லும் போனது. அதைப் பார்த்தால் யாரோ அதிகாரியிடம் மனு கொடுப்பது போல இருக்கிறது என்றார் கணக்கர். "சேவ்" அப்படியே இருக்கட்டும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். தூய தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்க வேண்டும்.

தமிழை வைத்தால் வருகிற சிக்கல்கள் வேறு உண்டு. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிவது தமிழில் பத்து, பன்னிரண்டு எழுத்துக்கு நீளும். ஆங்கில அளவுக்கு வெட்டிய பட்டனில் பாதி வெளியே தொங்கும். வரிக்கு வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியில் உள்ள "கூ"வின் காலும் கீழ்வரியில் உள்ள "கீ"யின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பது நமக்குக் கிடையாது. ஆகவே ஆங்கிலத் திரையில் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தனித்துக் காட்டுகிற உத்தி இங்கே செல்லாது, அளவாலோ தடிமனாலோதான் காட்ட வேண்டும். விவசாயிகளின் பழைய பட்டியல் ஒன்று, எல்லா மொழிக்கும் பொதுவான கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து ஏமாற்றுபவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூளமாகத் தெரியும். அதை மாற்றிச் சரிபார்க்கவே ஒரு வாரம் போனது.

இன்னொன்று, இந்த மாவட்டத்துக்கே உரியது. வேப்பனப்பள்ளி, ஓசூர், தளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறையப் பேர். எல்லை தாண்டி, ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கமிருந்தும் வண்டி வரும். தமிழில் நன்றாகப் பேசுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க எல்லோராலும் முடியாது. ரசீதைத் தமிழில் மாற்றிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ வரும், அத மட்டும் சொல்லுப்பா" என்றார். அதன் பிறகு ரசீதில் மூன்று எண்களை மட்டும் பெரிதாக்கினோம்: எடை, ரேட், தொகை. எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை.

பெயர் தேடுவதும் அப்படித்தான். முழுப் பட்டியலையும் இறக்கிவிட்டுத்தான் பழைய திரை அசையவே தொடங்கும். ஒரு வினாடிக்கு மேல் தாமதமானால் மனதின் ஓட்டம் அறுபடும், பத்து வினாடி தாண்டினால் கவனமே வேறு பக்கம் போய்விடும் என்பது, ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதியதிலிருந்து தொடங்கி இன்றுவரை பெரிதாக மாறாத கணக்கு. வேகத்தைக் கூட்டியது சுலபம். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரே ஊரில் ஐந்து முருகேசன் இருப்பார்கள். ஐந்து பேரும் "மு" வரிசையில் நிற்பார்கள். எடைமேடையில் யாரும் பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதில்லை, "எந்த ஊரு, யார் பையன்?" என்றுதான் கேட்கிறார்கள். திரையும் அப்படியே கேட்கத் தொடங்கியது. ஊர் முதலில், பிறகு தகப்பன் பெயரோடு சேர்த்து ஆள் பெயர். அவசரமென்றால் செல் நம்பரின் கடைசி நாலு இலக்கம்.

இத்தனையும் சரி செய்தாலும், பழகியவர்களின் விரல்களுக்கு நீங்கள் செய்வது துரோகம்தான். பழைய திரை மோசமானதுதான், ஆனால் அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அண்ணனின் விரல்கள் ஒரு பாதை போட்டு வைத்திருந்தன. வண்டி நம்பர், டேப், டேப், எடை, டேப், என்டர். திரையைப் பார்க்காமலே ஓடும். நான் அழகுக்காக எடையை மேலே தூக்கி வைத்தபோது, முதல் அரை மணி நேரத்தில் இரண்டு லோடுகளுக்கு எடைக் கட்டத்தில் வண்டி நம்பர் விழுந்தது. அன்றைக்கே பழைய வரிசைக்குத் திருப்பிவிட்டேன். புதிய வடிவமைப்பின் விலையை வடிவமைப்பவன் கொடுப்பதில்லை, பயன்படுத்துகிறவர்தான் கொடுக்கிறார். மைக்ரோசாப்டுக்கே இது நடந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டார்கள். போட்ட கூச்சலில் அடுத்த வருஷமே 8.1-இல் அந்தப் பட்டன் திரும்பி வந்தது. செய்தித் தொகுப்புத் தளமான டிக், 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றியது. கோபித்துக்கொண்டு போட்டித் தளமான ரெடிட்டுக்குப் போனவர்களில் பலர் திரும்பவேயில்லை.

வேறு மாதிரித் தவறுக்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் உதாரணம். 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாளில் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். கோளாறுகள் பல. அதில் ஒன்று, என்னென்ன திட்டம் என்று எட்டிப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தது. கூட்டமெல்லாம் அந்த ஒரே வாசலில் நெரிந்தது. எங்கள் செயலியிலும் இதே வியாதி சின்ன அளவில் இருந்தது. இன்றைய ரேட் என்ன என்று பார்க்க விவசாயி லாகின் செய்ய வேண்டும். யார் செய்வார்கள்? எல்லோரும் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அவர் எடையும் போட்டு, போனும் பேசி, நோட்டும் எழுதினார். ரேட்டையும் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்பதையும் லாகின் இல்லாமலே தெரியும்படி முதல் பக்கத்தில் வைத்தோம். மொத்த வேலையில் மிகக் குறைந்த நேரம் எடுத்ததும், ஊருக்குள் அதிகம் பேசப்பட்டதும் இதுதான்.

மாற்றத்தை எப்போது இறக்குவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாளிக்கு சீசன் நடுவிலேயே வேண்டுமென்று ஆசை. வண்டி வாசலில் நிற்கும்போது யாரும் புதிதாக எதையும் கற்க மாட்டார்கள். சீசன் முடிந்து ஆலை ஓய்ந்த பிறகு, பழைய ரசீதுகளை வைத்து மூன்று பேரும் பழகினார்கள். அடுத்த வைகாசியில் பழைய திரையும் புதிய திரையும் இரண்டு வாரம் ஒன்றாக ஓடின.

பலன் தெரிய வேண்டுமே? ஒரு செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க எஸ்யூஎஸ் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது. பத்து வாக்கியம், ஆம்-இல்லை என்பதை ஐந்து படியில் குறிக்க வேண்டும், முடிவில் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். 68 என்பது சராசரி. இது சதவீதம் இல்லை. முதலாளிகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் வாக்கியங்கள் ஒன்று விட்டு ஒன்று எதிர்மறையாக வரும். தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தபோது கணக்கர் மூன்றாம் கேள்வியிலேயே, "இப்ப நல்லாருக்குனு சொல்லணுமா, இல்லைனு சொல்லணுமா?" என்று குழம்பிவிட்டார். அதை ஓரம் வைத்துவிட்டு, ரக மாற்றத்துக்காக ராத்திரி எத்தனை ரசீது திருத்தினார் என்பதையும், நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்பதையும் எண்ணினோம். முதலாவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

நோட்டு நிற்கவில்லை. பக்கங்கள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் நாளுக்கு நாலைந்து வரி விழுந்துகொண்டே இருந்தது. என்ன என்று எடுத்துப் பார்த்தேன். திருப்பி அனுப்பிய வண்டிகள். காய் பிஞ்சாக இருக்கிறது, அழுகல் அதிகம் என்று வேண்டாமென்று சொன்ன லோடுகளின் நம்பரும் ஊரும் நேரமும். செயலியில் அதற்கு இடமே இல்லை. வாங்காத மாங்காய்க்கு ரசீது இல்லை, ரசீது இல்லாததற்குக் கட்டம் எதற்கு என்பது கணக்கரின் வாதம். "காலையில திருப்பி அனுப்புன அதே காய், சாயங்காலம் வேற வண்டியில வருமுங்க. எழுதி வச்சாத்தான் பிடிக்க முடியும்" என்றார் அண்ணன். முதலாளி யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.